மூர்கள் போன பிறகும் ஓடிய தண்ணீர்

கேள்வி இது: "ஸ்பெயினை முஸ்லிம்கள் எண்ணூறு ஆண்டு ஆண்டார்கள் என்கிறார்கள். அல்ஹம்ப்ரா அரண்மனை, கோர்தோபா மசூதி என்று இரண்டு மூன்று கட்டடங்களைத் தவிர வேறு என்ன மிச்சம்? ஸ்பானியப் பண்பாட்டில் மூர்களின் தாக்கம் உண்மையிலேயே அவ்வளவு பெரிதா, இல்லை சுற்றுலாக்காரர்கள் ஊதிப் பெருக்கியதா?"

ஒரு தலையணையிலிருந்து தொடங்குகிறேன்.

வட ஸ்பெயினில் புர்கோஸ் நகரை ஒட்டி லாஸ் உவெல்காஸ் என்று ஒரு கன்னியர் மடம் இருக்கிறது. காஸ்தீல் என்ற கிறிஸ்தவ நாட்டின் அரச குடும்பத்தை அடக்கம் செய்த இடம். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கல்லறைகளைத் திறந்து ஆராய்ந்தார்கள். 1246இல் இறந்த பெரெங்கேலா அரசியின் கல்லறையில், பட்டும் பொன்னிழையுமாக நெய்த ஒரு தலையணை கிடைத்தது. நடுவில் ஒரு வட்டம். அதில் அரபு எழுத்து. ‘அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை’ என்று வாசகம்.

இந்த அம்மாள் யார் தெரியுமா? 1236இல் கோர்தோபாவையும் 1248இல் செவில் நகரையும் முஸ்லிம்களிடமிருந்து பிடித்த மூன்றாம் பெர்னாந்தோவைப் பெற்றவர். அந்த மகனைக் கத்தோலிக்கத் திருச்சபை பின்னால் புனிதராகவே அறிவித்தது. மகன் தெற்கே படை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், தாய் அந்தத் தெற்கத்தித் தறியில் நெய்த தலையணையோடு கல்லறைக்குப் போயிருக்கிறார். அந்த வாசகம் அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லையோ, புரிந்தும் பொருட்படுத்தவில்லையோ. நல்ல பட்டு என்றால் அன்றைக்கு அது அந்தலூசியப் பட்டு, அதாவது முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினின் பட்டு, அவ்வளவுதான். தலையணைக்கு ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் பெயர் அல்மோஆதா. அதுவும் அரபுச் சொல்தான்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. அல்ஹம்ப்ராவை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், யாரோ வந்தார்கள், அழகாக ஒரு அரண்மனை கட்டினார்கள், போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் தாக்கம் அதிகமாகத் தங்கியிருப்பது அரண்மனையில் இல்லை. வென்றவர்கள் தோற்றவர்களின் கைவேலையை விரும்பி வாங்கினார்கள், அவர்களுடைய கொத்தனாரையும் தச்சரையும் வேலைக்கு வைத்தார்கள், அவர்கள் வெட்டிய வாய்க்காலில் அவர்கள் வைத்த முறைப்படியே தண்ணீர் பாய்ச்சினார்கள். தேட வேண்டிய இடம் அது.

முதலில் ‘மூர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அப்படித் தங்களை அழைத்துக்கொண்ட மக்கள் யாரும் கிடையாது. வட ஆப்பிரிக்காவின் மௌரித்தானியா பகுதி மக்களை ரோமானியர்கள் மௌரி என்றார்கள். அதிலிருந்து ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியாவின் கிறிஸ்தவர்கள் முஸ்லிம் என்றாலே மோரோ என்று சொல்லப் பழகிவிட்டார்கள். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தபோது அங்கிருந்த தமிழ் பேசும் முஸ்லிம்களையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் ஆவணங்களில் சோனகர் ‘மூர்’ ஆனது அப்படித்தான். ஸ்பெயினுக்கும் சோனகருக்கும் வேறு எந்த ஒட்டும் இல்லை, வைத்த பெயர் மட்டும் ஒன்று.

711இல் தாரிக் இப்னு ஸியாத் தலைமையில் கடல் கடந்தவர்களில் பெரும்பாலானோர் வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர்கள். அவர் இறங்கிய குன்றுதான் ஜபல் தாரிக், அதாவது தாரிக் மலை. அதுவே ஜிப்ரால்டர் ஆனது. அவர்களுக்குப் பிறகு அரபுகள் வந்தார்கள். ஆனால் இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் அந்நாட்டு முஸ்லிம்களில் பெரும் பகுதி மதம் மாறிய உள்ளூர்க்காரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். மாறாத கிறிஸ்தவர்களும் அரபு பேசினார்கள். நம் பையன்கள் அரபுக் கவிதையை உருகி உருகிப் படிக்கிறார்கள், லத்தீனில் ஒழுங்காக ஒரு கடிதம் எழுத ஆள் இல்லை என்று கோர்தோபாக் கிறிஸ்தவரான ஆல்வரோ 854இல் புலம்பி எழுதியிருக்கிறார். ஆக, ‘வெளியார் ஸ்பெயின் மீது செலுத்திய தாக்கம்’ என்ற படமே பாதி தவறு.

எண்ணூறு ஆண்டு என்பதும் அல்ஹம்ப்ரா இருக்கும் கிரனாடாவுக்கு மட்டும்தான் ஏறக்குறையப் பொருந்தும். டொலேடோ 1085லேயே கை மாறிவிட்டது. கோர்தோபாவுக்கு ஐந்தேகால் நூற்றாண்டு. வடக்கே அஸ்தூரியாஸ் மலைப்பகுதியில் முஸ்லிம் ஆட்சி நிலைக்கவே இல்லை. அதனால்தான் தெற்கையும் கிழக்கையும் பார்த்துவிட்டு வடக்கே போனால் வேறு நாடு போல இருக்கும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். கோர்தோபா மசூதியை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள்: சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, காடு மாதிரி. அது அழகுக்காக யோசித்த வடிவம் என்று நினைப்போம். தொடங்கியது ஒரு நடைமுறைத் தொல்லையில்.

750இல் அப்பாசியர்கள் அதுவரை கலீபாக்களாக ஆண்ட உமையாக் குடும்பத்தைக் கொன்று ஒழித்தபோது தப்பிய இளவரசன் ஒருவர் சிரியாவிலிருந்து வட ஆப்பிரிக்கா வழியாக ஓடி, 756இல் கோர்தோபாவில் அமீர் ஆனார். அவர்தான் முதலாம் அப்துர் ரஹ்மான். 785 வாக்கில் மசூதி வேலை ஆரம்பம். தூண்கள் புதிதாகச் செய்யவில்லை. இடிந்த ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்தவை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று பச்சை, ஒன்று கருஞ்சிவப்பு. நெட்டையைத் தரையில் கொஞ்சம் புதைத்து, குட்டைக்கு அடியில் கல் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். அப்படியும் எல்லாமே மூன்று மீட்டர் சுமார்தான். அவ்வளவு பெரிய மண்டபத்துக்கு அந்த உயரத்தில் கூரை போட்டால் உள்ளே குகை மாதிரி இருட்டும் புழுக்கமும்தான் மிஞ்சும்.

அதற்குக் கண்ட வழி இது. தூணின் தலைமேல் ஒரு கனமான தூணை ஏற்றினார்கள். கீழே மெலிசு, மேலே தடிப்பு. சாதாரணமாகக் கட்டுவதற்கு நேர் எதிர். இரண்டு தூணுக்கு நடுவே கீழ்மட்டத்தில் ஒரு வளைவு. அதன் மேல் சுவர் கிடையாது, வெறும் காற்று. தூண்கள் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கூரைப் பாரத்தை மேல்மட்டத்து வளைவு தாங்குகிறது. கல் ஒன்று, செங்கல் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்ததால் வந்ததுதான் அந்த வெள்ளைச் சிவப்பு. மெரிதா நகரத்தில் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம் இன்னும் நிற்கிறது. அதிலும் வளைவுமேல் வளைவு, அதிலும் கல்லும் செங்கல்லும் மாறி மாறி. அதைப் பார்த்துத்தான் யோசனை வந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் இந்த வளைவு வரிசைகளின் தலைமேலும் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு கூரைச் சரிவுக்கு நடுவில் மழைத் தண்ணீர்க் கால்வாய் அங்கேதான் போகிறது.

இன்னொரு வேடிக்கை. ‘மூரிஷ் ஆர்ச்’ என்று உலகமே சொல்கிற அந்தக் குதிரைலாட வளைவு, மூர்கள் வருவதற்கு முன்பே ஸ்பெயினில் இருந்தது. பலென்சியா வட்டாரத்தில் 661இல் கட்டிய சான் ஹுவான் தே பான்யோஸ் தேவாலயத்தில் இன்றும் பார்க்கலாம். கோர்தோபாக்காரர்கள் அதை எடுத்து, இன்னும் கொஞ்சம் உள்வாங்கி வளைத்து, தங்கள் முத்திரை ஆக்கிக்கொண்டார்கள். அப்புறம் அது கடல் தாண்டி மொராக்கோவுக்குப் போனது. திசையைக் கவனியுங்கள்: ஸ்பெயினிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு.

960களில் கலீபா இரண்டாம் அல்ஹகம் கட்டிய மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) பகுதிக்குப் பொன்னிற மொசைக் வேலை செய்ய, பைசாந்தியப் பேரரசரிடமிருந்து வில்லைகளும் கைவினைஞரும் வந்தார்கள். பாக்தாத் கலீபாவுக்குப் பைசாந்தியர் எதிரி, கோர்தோபாவுக்கும் பாக்தாத் எதிரி, கணக்கு அப்படி. 987இல் கலீபாவின் பெயரில் ஆட்சி நடத்திய அமைச்சர் அல்மன்சூர் செய்த விரிவாக்கம்தான் அளவில் பெரியது, தரத்தில் குறைவு. அங்கே வளைவு முழுவதும் கல்தான். செங்கல் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புச் சாயம் பூசிவிட்டார்கள். அவசரத்தில் கட்டிய கட்டடம் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது.

1523இல் இதன் நடுப்பகுதியை இடித்துப் பெரிய தேவாலயம் எழுப்ப ஆயர் முனைந்தபோது, எதிர்த்தவர்கள் முஸ்லிம்கள் அல்ல, கோர்தோபா நகர மன்றத்துக் கிறிஸ்தவர்கள். இடிக்கிற வேலைக்குக் கை கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்றே உத்தரவு போட்டார்கள். வழக்கு ஐந்தாம் கார்லோஸ் மன்னரிடம் போய், அவர் ஆயர் பக்கம் நின்றுவிட்டார். தூண்காட்டின் நடுவில் ஒரு தேவாலயம் முளைத்திருப்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான். ஆனாலும் வழிபாட்டில் இருந்ததால்தான் மீதி பிழைத்தது. செவில் நகரத்தின் பெரிய மசூதியை 1401க்குப் பிறகு மொத்தமாக இடித்துப் பேராலயம் கட்டினார்கள். தப்பியவை முற்றமும் ஹிரால்தா கோபுரமும்தான். அந்தக் கோபுரத்துக்குள் ஏறுவதற்குப் படிக்கட்டு கிடையாது, 35 சரிவுப்பாதைகள். பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போகலாம். பதினாறாம் நூற்றாண்டில் தலையில் ஒரு மணிக்கூண்டை வைத்து அதைக் கிறிஸ்தவக் கோபுரம் ஆக்கினார்கள்.

அல்ஹம்ப்ராவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அது ஏழை நாட்டின் அரண்மனை. கிரனாடாவின் நஸ்ரி அரசு காஸ்தீலுக்குக் கப்பம் கட்டிப் பிழைத்த சிறிய அரசு. பதினான்காம் நூற்றாண்டில் முதலாம் யூசுபும் ஐந்தாம் முஹம்மதும் கட்டிய அந்த மண்டபங்களில் பளிங்கு என்பது தூணும் தரையும் நீர்த்தொட்டியும்தான். கண்ணைக் கட்டும் அந்தச் சுவர் வேலை அத்தனையும் ஜிப்சம் சாந்து. இன்றைக்கு வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறோமே, அதே சரக்கு. அச்சில் வார்த்து, ஈரமாக இருக்கும்போது செதுக்கி, வண்ணம் தீட்டியது. கீழே ஓடு, நடுவில் சாந்து, மேலே மரம். தூதர் மண்டபத்தின் மேற்கூரையில் 8,017 மரத்துண்டுகளைக் கோத்து ஏழு வானங்களைக் காட்டியிருக்கிறார்கள். சிங்க முற்றத்தில் 124 மெல்லிய தூண்கள். தூணும் தலையும் சேரும் இடத்தில் ஈயத் தகடு வைத்திருக்கிறார்கள், நிலம் அதிர்ந்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கட்டும் என்று. பன்னிரண்டு சிங்கங்கள் சுமக்கும் தொட்டியின் விளிம்பில் இப்னு ஸம்ரக் எழுதிய கவிதை செதுக்கியிருக்கிறது. ஓடுவது தண்ணீரா, பளிங்கா என்று கண் ஏமாறுகிறது என்பது அதில் ஒரு வரியின் கருத்து. தண்ணீர் வருவது தாரோ ஆற்றிலிருந்து, சுமார் ஆறு கிலோமீட்டர் வாய்க்கால் வழியாக. அந்த வாய்க்கால் இல்லாவிட்டால் அந்தக் குன்றின் மேல் ஒரு செடிகூட நிற்காது.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கும் பகுதி. கிறிஸ்தவ ஆட்சிக்குக் கீழே தங்கிவிட்ட முஸ்லிம்களை முதேஹர் என்பார்கள். அவர்கள் கைப்பட்ட, அல்லது அவர்கள் பாணியில் கட்டிய கட்டடக்கலைக்கும் அதே பெயர். 1364இல் காஸ்தீல் மன்னர் பெத்ரோ செவில் நகரில் ஒரு அரண்மனை கட்டினார். கிறிஸ்தவ மன்னர், கிறிஸ்தவ நகரம். கட்டியவர்களில் டொலேடோ, செவில் கைவினைஞர்களோடு கிரனாடாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. கிரனாடா மன்னர் ஐந்தாம் முஹம்மது பெத்ரோவின் நண்பர். முகப்பில் பெத்ரோவின் பெயரும் ஆண்டும் காஸ்தீலிய மொழியில். அதற்கு நடுவே நீலமும் வெள்ளையுமான ஓட்டில், கூஃபி என்ற கோணலான அரபு எழுத்து வடிவில், ‘அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை’ என்று எட்டு முறை. அது நஸ்ரி அரச குடும்பத்தின் முழக்கம்! உள்ளே அரபில் ‘சுல்தான் தோன் பெத்ரோ’ என்று வாழ்த்து. அதே மன்னரின் கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட யூதரான சாமுவேல் ஹா-லெவி டொலேடோவில் கட்டிய தொழுகைக் கூடத்தில் எபிரேய எழுத்தும் அரபு எழுத்தும் ஒரே சாந்துச் சுவரில் பின்னிக் கிடக்கின்றன. மதம் எதுவாக இருந்தாலும், கையில் காசு வந்தால் அப்படித்தான் கட்டினார்கள்.

வடகிழக்கே அரகோன் பகுதிக்குப் போனால் இது இன்னும் சாதாரணமாகிவிடுகிறது. தெருவேல் நகரத்துத் தேவாலயக் கோபுரங்கள் செங்கல்லும் பச்சை வெள்ளை ஓடுமாக, மினாரைப் பார்த்துக் கட்டியது போலவே நிற்கின்றன. நல்ல கல் கிடைப்பது அரிதான இடத்தில் செங்கல்லும் சாந்தும் கைவந்த கொத்தனார்கள் கிடைத்தால் யார் விடுவார்கள்? மரத்துண்டுகளைக் கோத்துக் கூரை போடும் தச்சுவேலை ஸ்பானியரோடு கப்பலேறி அமெரிக்காவுக்கும் போனது. எக்வடோரின் கீத்தோ நகரத்து சான் பிரான்சிஸ்கோ ஆலயத்தின் கூரையில் இன்றும் தெரிகிறது.

கொத்தனார் என்றதும் சொற்கள் நினைவுக்கு வருகின்றன. கொத்தனாருக்கு ஸ்பானிய மொழியில் அல்பான்யில். மேஸ்திரிக்கு அலரீஃபே. மொட்டைமாடி அசோத்தேயா. தடுப்புச்சுவர் தபீக்கே. தெருக்கதவுக்கும் முற்றத்துக்கும் நடுவிலுள்ள நடை, சாகுவான். சுவரில் பதிக்கும் ஓட்டுக்கு அசுலேஹோ; ‘அசுல்’ என்றால் நீலம் என்பதால் நீல ஓடு என்று பலர் விளக்கம் சொல்வார்கள், அது தவறு, அஸ்-ஸுலைஜ் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எல்லாம் கட்டட வேலைக்காரனின் வாயில் புழங்கும் சொற்கள். அப்புறம் எண்ணெய் (அசேய்தே), கிடங்கு (அல்மசேன்), சுங்கம் (அதுவானா), நகர மேயர் (அல்கால்தே, அரபில் நீதிபதியைக் குறிக்கும் அல்-காதி). மொத்தம் நாலாயிரம் சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். வழக்கொழிந்தவையும் கிளைச்சொற்களும் அதில் அடக்கம். எண்ணிக்கையைவிட அவை எந்த எந்தத் தொழிலில் இருக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. வழிபாட்டுக்கும் சமயத்துக்கும் லத்தீன். கட்ட, பாய்ச்ச, நிறுக்க, சமைக்க அரபு.

அரபில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘அல்’ ஸ்பானிய, போர்த்துக்கேயச் சொற்களில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த ‘அல்’ நம் பக்கமும் வந்திருக்கிறது. தூக்குத் தண்டனையை நிறைவேற்றுபவரை இலங்கையில் அலுகோசு என்கிறார்கள் இல்லையா, அது போர்த்துக்கேய அல்கோஸ். அதன் மூலம் அரபு.

ஒஹலா என்று ஒரு சொல் உண்டு, ‘அப்படி நடந்தால் நல்லது’ என்ற பொருளில். இறைவன் நாடினால் என்ற அரபுத் தொடர்தான் அது. கடவுளே இல்லை என்பவரும் நாள் முழுக்கச் சொல்கிறார். ஆனால் ‘ஓலே’ என்ற கூச்சல் அல்லாஹ் என்பதிலிருந்து வந்தது என்ற கதையை நம்பாதீர்கள். சொல்லாய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. தென் ஸ்பெயினின் ஆடல் பாடல் கலையான பிளமெங்கோ முழுக்க மூர்களின் இசை என்பதும் அப்படித்தான். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவம் பெற்றது, ரோமா மக்களின் பங்கு அதில் மிகப் பெரிது. பழைய அந்தலூசிய இசையின் சாயல் இருக்கலாம், அதற்குமேல் நீட்டினால் அதுதான் சுற்றுலாப் பேச்சு.

அடுக்களைப் பட்டியலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: அரிசி, கரும்பு, கத்தரிக்காய், பசலைக்கீரை, குங்குமப்பூ, எலுமிச்சை, ஆரஞ்சு. பெயர்கள் பெரும்பாலும் அரபு வழியாக வந்தவை. ஆரஞ்சுக்கு மட்டும் நிற்க வேண்டும். ஸ்பானியத்தில் நரன்ஹா, அரபில் நாரன்ஜ், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்குப் பின்னால் திராவிட மூலம், நம் நாரத்தையின் உறவு, இருக்கிறது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. செவில் தெருக்களில் வரிசையாக நிற்பதும் வாயில் வைக்க முடியாத கசப்பு ஆரஞ்சுதான். இனிப்பு ஆரஞ்சு பின்னால் வந்தது. அந்தக் கசப்பை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டு போய் சர்க்கரை போட்டு மார்மலேட் காய்ச்சுகிறார்கள். நாம் என்றால் உப்புப் போட்டு ஊறவைத்திருப்போம்.

இந்தியாவிலிருந்து கிளம்பி இதே வழியில் போனவை இன்னும் உண்டு. சதுரங்கம் அஷ்-ஷத்ரன்ஜ் ஆகி, ஸ்பெயினில் அஹெத்ரெஸ் ஆனது. பத்தாம் அல்போன்சோ மன்னர் 1283இல் அதற்குப் படங்களோடு நூலே எழுதவைத்தார். 1, 2, 3 என்று நாம் எழுதும் இலக்கங்களின் முன்னோடி வடிவம் மேற்கு ஐரோப்பாவில் முதன்முதலாகத் தெரிவது 976இல் அல்பெல்தா மடத்தில் எழுதிய சுவடியில். ஒன்பது இலக்கம், பூஜ்யம் இன்னும் வரவில்லை. டொலேடோவில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா ஊர் ஜெரார்டு என்ற ஒருவர் மட்டும் அரபிலிருந்து லத்தீனுக்கு எழுபதுக்கும் மேல் நூல்களை மொழிபெயர்த்தார். கோர்தோபா மருத்துவர் அல்-ஸஹ்ராவியின் அறுவைக் கருவிப் படங்களை ஐரோப்பிய மருத்துவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்துப் பழகினார்கள். இதைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஆனால் அது ஐரோப்பா முழுவதற்கும் போன சொத்து, ஸ்பெயினுக்கு மட்டும் ஆனது இல்லை.

மூன்று மதமும் தோளில் கை போட்டு வாழ்ந்த பொற்காலம் என்ற கதையையும் அப்படியே விழுங்க வேண்டாம். 1066இல் கிரனாடாவில் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கடும்போக்கு முஸ்லிம் ஆட்சியாளரான அல்மோஹத்கள் வந்தபோது கோர்தோபாவில் பிறந்த யூத அறிஞர் மைமோனிதஸ் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது. அதே ஊரில் பிறந்த முஸ்லிம் தத்துவஞானி இப்னு ருஷ்தும் கடைசிக் காலத்தில் தூற்றப்பட்டார். மறுபக்கம் இன்னும் மோசம். 1492 ஜனவரியில் கிரனாடா சரணடைந்தபோது மதத்தில் கை வைக்க மாட்டோம் என்று கொடுத்த வாக்கு பத்தாண்டுகூட நிற்கவில்லை. அதே ஆண்டு யூதர்கள் வெளியேற்றம். 1499க்குப் பிறகு கட்டாய மதமாற்றம், அரபு நூல் எரிப்பு. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னர் அரபுப் பேச்சு, உடை, குளியலறை எல்லாவற்றுக்கும் தடை போட்டார். அடிக்கடி குளிப்பவனும் பன்றி இறைச்சி தொடாதவனும் சந்தேகத்துக்குரியவன். கடையில் தொங்குகிற ஹமோன் என்ற பன்றித் தொடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஒருகாலத்தில் அதை நாலு பேர் பார்க்கச் சாப்பிடுவதே ஒரு சாட்சி.

1609 முதல் 1614 வரை மதம் மாறியவர்களின் வாரிசுகளையும், ஏறக்குறைய மூன்று லட்சம் பேரை, நாடு கடத்தினார்கள். அதில் வலென்சியாவுக்கு வந்த 1609 ஆணையில் ஒரு பிரிவு இருக்கிறது. நூறு வீட்டுக்கு ஆறு வீடு மட்டும் தங்கலாம். எதற்கு? வீடுகளையும் சர்க்கரை ஆலைகளையும் நெல் விளைச்சலையும் பாசன முறையையும் காப்பாற்றி, புதிதாகக் குடியேறுகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க. விரட்டுகிற ஆணையே அவர்கள் இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறது. தாக்கம் பெரிதா என்று கேட்டீர்களே, இதைவிட நேரடியான சாட்சி என்னிடம் இல்லை. நடைமுறையில் தங்கியவர்கள் மிகச் சிலர்.

தண்ணீர் மட்டும் முறை தவறவில்லை. அரகோன் மன்னர் ஹைமே 1238இல் வலென்சியாவைப் பிடித்ததும், சரசேனியர், அதாவது முஸ்லிம்கள், காலத்தில் எப்படி நடந்ததோ அப்படியே பாசனம் நடக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தெற்கே சியெரா நெவாதா மலையில் இன்னும் ஒரு படி மேல். பனி உருகும் காலத்தில் தண்ணீரை உயரத்திலேயே மண் வாய்க்கால்களில் திருப்பி, சரிவில் ஊறவிட்டுவிடுகிறார்கள். ‘தண்ணீரை விதைப்பது’ என்றே அதற்குப் பெயர். வாரங்கள், மாதங்கள் கழித்து, கோடையில் கீழேயுள்ள ஊற்றுகளில் அது வெளியே வரும். தூர்ந்துபோன பழைய வாய்க்கால்களை இப்போது ஆராய்ச்சியாளர்களும் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் மண்வெட்டியோடு போய்த் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

வலென்சியாவுக்குப் போனால் வியாழக்கிழமை இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் மதியம் 12 மணிக்குத் தண்ணீர் நீதிமன்றம் கூடும். பேராலயம் நிற்பது பழைய பெரிய மசூதியின் இடத்தில். வெள்ளி தொழுகை நாள், அதனால் வழக்கை வியாழனே முடித்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. தூரியா ஆற்றுத் தண்ணீரைப் பங்கிடும் எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பேர், எல்லோரும் விவசாயிகள், கறுப்பு மேலங்கி, வட்டமாக நாற்காலி. வக்கீல் கிடையாது, எழுத்து கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, அதுவும் வலென்சிய மொழியில். யார் பேசலாம் என்பதைத் தலைவர் காலை நீட்டிக் காட்டுவார். எந்த வாய்க்கால்மீது வழக்கோ, அந்த வாய்க்கால்காரர் தீர்ப்பில் சேரமாட்டார். மேல்முறையீடும் இல்லை.

சேவகரின் பதவிப்பெயர் அல்குவசீல். அமைச்சரைக் குறிக்கும் அரபு வசீர் தேய்ந்து ஏவலாள் ஆன கதை. கையில், ஒருகாலத்தில் மதகுப் பலகை இழுத்த பித்தளைக் கொக்கி. அவர் ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்: "குவார்ட் வாய்க்காலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள்!" கொஞ்சம் நிறுத்துவார். "மிஸ்லாத்தா வாய்க்கால்!" தோர்மோஸ், ரஸ்காஞ்ஞா என்று எட்டும் முடியும். பெரும்பாலான வாரங்களில் யாரும் முன்னால் வருவதில்லை. சில நிமிடங்களில் எல்லோரும் எழுந்து, மேலங்கியைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.